அறுபது விநாடிக் கணக்கு

நாம் எழுதிய முதல் பரீட்சை எது என்று கேட்டால் சிலர் ஒண்ணாம் வகுப்பைச் சொல்வார்கள், சிலர் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வைச் சொல்வார்கள். ரெண்டும் தப்பு. ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைக்குப் பிறந்த ஒரே நிமிஷத்தில் ஒரு பரீட்சை நடக்கிறது. ஐந்து கேள்வி, கேள்விக்கு ரெண்டு மார்க், மொத்தம் பத்து. ஏழு வாங்கினால் கவலை இல்லை. ஹால் டிக்கெட் கிடையாது, அரியரும் கிடையாது. அந்த மார்க்கை நர்சம்மா கேஸ் ஷீட்டில் ஒரு ஓரத்தில் எழுதி வைத்துவிடுவார். பெற்ற தாய்க்கே பெரும்பாலும் அது தெரியாது.

அந்த மார்க்குக்கு அப்கார் ஸ்கோர் என்று பெயர். கேட்டால் ஏதோ மருந்துக் கம்பெனியின் பெயர் போலத் தோன்றும். ஆனால் அது ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர். டாக்டர் வர்ஜீனியா அப்கார், அமெரிக்க நாட்டு மயக்க மருந்து நிபுணர். பாலிடெக்னிக் மலரில் டாக்டரம்மா கதை எதற்கு, லேத்தைப் பற்றியோ டிரான்ஸ்பார்மரைப் பற்றியோ எழுதக் கூடாதா என்று யாராவது கேட்டால் கொஞ்சம் பொறுங்கள். அளவெடுப்பதும் அளந்ததை எழுதி வைப்பதும் நம்ம தொழில். அந்த வேலையைப் பிரசவ அறைக்குள் கொண்டு போனவர் இவர். போதாததற்கு உளி பிடிக்கத் தெரிந்தவர். ஒரு ராத்திரி ரம்பத்தையும் துணைக்கு ஆளையும் கூட்டிக்கொண்டு, வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே பலகை திருடியவர். அந்தக் கதையும் வருகிறது.

நியூஜெர்சி மாநிலத்தில் வெஸ்ட்ஃபீல்டு என்ற ஊரில் 1909 ஜூன் 7-ஆம் தேதி வர்ஜீனியா பிறந்தார். அப்பா சார்லஸ் அப்காருக்கு இன்சூரன்ஸ் தொழிலில் உத்தியோகம். ஆனால் மனுஷனுக்கு மனசெல்லாம் வீட்டில் வைத்திருந்த சோதனைக் கூடத்தில்தான். எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். 1915-ஆம் வருஷம், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. நியூயார்க் பக்கம் சேவில் என்ற இடத்தில் ஜெர்மன் கம்பெனி ஒன்றின் கம்பியில்லாத் தந்தி நிலையம் இருந்தது. வியாபாரச் செய்தி என்ற பெயரில் அங்கிருந்து ரகசியச் செய்தி கடல் தாண்டிப் போகிறதோ என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம். வேகமாக ஓடும் மோர்ஸ் ஒலியைக் காதால் கேட்டு எழுத ஆள் இல்லை. சார்லஸ் அப்கார் தன் வீட்டு ரிசீவரில் அதைப் பிடித்து, எடிசன் காலத்து மெழுகு உருளையில் ராத்திரி ராத்திரியாகப் பதிவு செய்து கொடுத்தார். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கலாம் அல்லவா? அந்த ஜூலையிலேயே நிலையத்தை அரசாங்கம் தன் கையில் எடுத்துக்கொண்டது. வீட்டில் உட்கார்ந்து இந்த வேலை பார்த்த தகப்பனுக்குப் பிறந்த பெண், கண்ணால் பார்த்ததைப் பதிவு செய்யாமல் விடுவாரா?

வீட்டில் இன்னொரு பக்கம் நோய். அண்ணன் ஒருவர் சின்ன வயசிலேயே காசநோயில் போய்விட்டார். இன்னொருவருக்கும் தீராத உடல்நலக் குறைவு. பள்ளிக்கூடம் முடிக்கும்போதே டாக்டராவது என்று வர்ஜீனியா முடிவு செய்துவிட்டார். மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தார். உதவித்தொகை போதாமல் பல சில்லறை வேலைகள் செய்தார். அதில் ஒரு வேலை, விலங்கியல் லேபுக்குப் பூனை பிடித்துக் கொடுப்பது! இதற்கு நடுவில் வாத்தியக் குழுவில் வயலின், மைதானத்தில் விளையாட்டு, கல்லூரிப் பத்திரிகையில் எழுத்து, மேடையில் நாடகம். ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும்.

1929-ல் பட்டம் வாங்கினார். அதே வருஷம் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் 90 பேர், பெண்கள் 9 பேர். சேர்ந்த சில வாரத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தை தரைமட்டமானது. ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம். கடன் வாங்கித்தான் படித்தார். 1933-ல் வகுப்பில் நான்காவதாக வெளியே வந்தபோது கையில் டிகிரியும், தலையில் கிட்டத்தட்ட 4,000 டாலர் கடனும் இருந்தன. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை.

ஆசை அறுவை சிகிச்சை மேல். பிரஸ்பிட்டேரியன் ஆஸ்பத்திரியில் அந்தப் பயிற்சிக்கு இடமும் கிடைத்தது, வேலையிலும் கெட்டிக்காரி. ஆனால் துறைத் தலைவர் ஆலன் விப்பிள் ஒருநாள் கூப்பிட்டு இந்த வழி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரிடம் பயின்ற பெண் சர்ஜன்கள் சிலர் தொழில் நடத்த முடியாமல் தவித்ததை அவர் பார்த்திருந்தார். பெண்ணிடம் கத்தியைக் கொடுக்க நோயாளிகளும் தயாரில்லை. அதற்குப் பதில் மயக்க மருந்துத் துறைக்குப் போ என்றார். அதில் பாதி அக்கறை, பாதி அந்தக் காலத்துப் புத்தி. அதே சமயம் விப்பிளுக்கு ஒரு விஷயம் நன்றாகப் புரிந்திருந்தது. மயக்க மருந்து முன்னேறாமல் ஆபரேஷன் முன்னேறாது. அன்றைக்கு அமெரிக்காவில் மயக்கம் கொடுப்பது பெரும்பாலும் நர்சுகளின் வேலை. டாக்டர்கள் அதை ஒரு படிப்பாகவே மதிக்கவில்லை. இதற்கு ஒரு மூளையுள்ள ஆள் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார்.

வர்ஜீனியா அழுது வடியவில்லை. சரி என்று முதலில் ஒரு வருஷம் அதே ஆஸ்பத்திரி நர்சுகளிடமே தொழில் கற்றார். பிறகு 1937-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் போய் ரால்ஃப் வாட்டர்ஸ் என்ற பெரிய ஆசிரியரிடம் ஆறு மாதம் பயின்றார். அங்கே பெண் டாக்டருக்குத் தங்க இடம் ஒதுக்கவே இல்லை. இருந்த ஆறு மாதத்தில் மூன்று தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரூம் மாறினார். ஹாஸ்டல் மாறி மாறி அலைந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். அப்புறம் நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரியில் ஆறு மாதம். 1938-ல் தன் ஆஸ்பத்திரிக்கே திரும்பி மயக்க மருந்துப் பிரிவின் தலைவரானார். அந்த நிறுவனத்தில் ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் இவர்தான்.

பதினோரு வருஷம் அந்தப் பிரிவைத் தோளில் தூக்கி வளர்த்தார். 1949-ல் பிரிவு தனித் துறையாக உயர்ந்தது. வளர்த்தவருக்குத்தான் நாற்காலி என்று எல்லோரும் நினைப்போம். நாற்காலி ஒரு ஆண் டாக்டருக்குப் போனது. வர்ஜீனியாவுக்கு முழுப் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள். கொலம்பியா மருத்துவக் கல்லூரியில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் என்ற பெருமையும் கிடைத்தது. பெருமை சரி, மனசு? அதைப் பற்றி அவர் வெளியே புலம்பியதாகத் தெரியவில்லை. நிர்வாகப் பொறுப்பு போனதும், ஸ்லோன் பெண்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ அறைக்குள் நுழைந்தார். என்னைக் கேட்டால், துறைத் தலைவராகியிருந்தால் ஃபைலில் கையெழுத்துப் போட்டே காலம் போயிருக்கும்.

இனி கதை பிரசவ அறைக்குள் போகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று நம்ம பாஷையில் சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு நுரையீரல் இருக்கிறது, ஆனால் அதில் காற்று கிடையாது, நீர்தான் நிரம்பியிருக்கிறது. ஆக்ஸிஜன் எல்லாம் தொப்புள்கொடி வழியாகத் தாயிடமிருந்து வருகிறது. மெயின் லைன் சப்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்ததும் அந்த லைன் கட். உடனே பிள்ளையின் சொந்த ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆக வேண்டும். முதல் மூச்சில் காற்று உள்ளே போகும், நீர் விலகும், நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் திறந்துகொள்ளும், இதயத்தில் ரத்தம் ஓடும் வழியே மாறும். இத்தனையும் சில நிமிஷத்துக்குள். எலெக்ட்ரிக்கல் பசங்களிடம் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் பற்றிக் கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். ஆனால் இந்த மாதிரி ஒரு சேஞ்ச்-ஓவரை எந்தப் பானல் போர்டிலும் பார்க்க முடியாது.

லைன் கட்டாகி, ஜெனரேட்டரும் ஓடவில்லை என்றால்? மற்ற உறுப்பெல்லாம் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். மூளைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆக்ஸிஜன் இல்லாமல் நேரம் போகப் போக மூளைச் செல்கள் சேதமாகும். பிள்ளை இறந்துபோகலாம். பிழைத்தாலும் வலிப்பு, கை கால் விறைப்பு, புத்தி வளர்ச்சியில் தாமதம் என்று சில பிள்ளைகளுக்கு ஆயுசுக்கும் தொடரலாம். மூச்சும் மூளையும் ஒரே சர்க்யூட்டில் இருக்கின்றன. தொடக்கத்தில் தடுமாறும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் யாராவது கை கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, 1950 வாக்கில் யார் கை கொடுத்தார்கள்? அமெரிக்காவில் அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் சிசு மரணம் மளமளவென்று குறைந்திருந்தது. ஆனால் பிறந்த முதல் 24 மணி நேரத்தில் நடக்கும் சாவு மட்டும் குறையாமல் நின்றது. பிரசவம் பார்க்கும் டாக்டரின் கண் தாயின் மேல். ரத்தப்போக்கு நிற்க வேண்டும், தையல் போட வேண்டும். மயக்க டாக்டரின் கண்ணும் தாயின் மேல்தான். குழந்தை மருத்துவர் அந்த அறைக்குள் வருவது அபூர்வம். பிள்ளையை நர்ஸ் ஒரு துணியில் சுற்றி ஓரமாக வைப்பார். நீலம் பாரித்து, துவண்டு, மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளைகளில் பலவற்றைச் செத்துப் பிறந்தது என்று எழுதி ஒதுக்கி வைத்துவிடுவதும் நடந்தது. யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. பிள்ளை எந்த நிலையில் பிறந்தது என்று சொல்ல ஒரு பொது அளவு இல்லை, அவ்வளவுதான். ஒருவர் பார்த்தால் மோசம், இன்னொருவர் பார்த்தால் பரவாயில்லை.

நம்ம பக்கத்தில் மட்டும் என்னவாம்? பேறுகாலம் வீட்டிலேயே நடந்த காலத்தில் பிள்ளை அழவில்லை என்றால் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டுவார்கள், முகத்தில் பச்சைத் தண்ணீர் தெளிப்பார்கள். பிழைத்தால் சாமி புண்ணியம், இல்லாவிட்டால் விதி. ஈர உடம்போடு குளிர்ந்துபோவதே பச்சைப் பிள்ளைக்கு ஆபத்து என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

வர்ஜீனியா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்படி ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பிறந்த பிள்ளையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று பயிற்சிக்கு வந்த ஒருவர் சந்தேகம் கேட்டாராம். அதில் என்ன கஷ்டம் என்று, கைக்குக் கிடைத்த ஒரு துண்டு அட்டையை எடுத்து ஐந்து விஷயங்களை மடமடவென்று எழுதிக் கொடுத்துவிட்டு, எழுதியது சரிவருமா என்று பார்க்கப் பிரசவ அறைக்கு ஓடினாராம். கதை எப்படியோ, ஐந்து விஷயம் நிஜம்.

முதலாவது இதயத் துடிப்பு. இல்லை என்றால் சைபர், நிமிஷத்துக்கு நூறுக்குக் கீழே என்றால் ஒன்று, நூறுக்கு மேலே என்றால் ரெண்டு. அடுத்தது மூச்சு. சுத்தமாக இல்லை, விட்டு விட்டு மெதுவாக வருகிறது, வீரிட்டு அழுகிறது. மூன்றாவது தசையின் விறைப்பு. துணி மாதிரித் துவண்டு கிடக்கிறதா, கை கால் கொஞ்சம் மடங்கியிருக்கிறதா, நன்றாக உதைக்கிறதா? நான்காவது, சீண்டினால் என்ன செய்கிறது? சும்மா கிடந்தால் சைபர், முகத்தைச் சுளித்தால் ஒன்று, தும்மினாலோ இருமினாலோ அழுதாலோ ரெண்டு. கடைசியாக நிறம். உடம்பெல்லாம் நீலமா, உடம்பு சிவந்து கையும் காலும் மட்டும் நீலமா, முழுக்கச் சிவப்பா? கூட்டினால் பத்துக்கு மார்க். ஏழும் அதற்கு மேலும் நல்ல நிலை. நான்கிலிருந்து ஆறு என்றால் கவனிக்க வேண்டும். மூன்றும் அதற்குக் கீழும் என்றால் ஒரு விநாடி கூட வீணாக்கக் கூடாது.

இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றலாம். ஒர்க்ஷாப்பில் ஒரு துளையைச் சோதிக்க ஒவ்வொரு தடவையும் மைக்ரோமீட்டர் எடுப்பதில்லை. கோ, நோ-கோ கேஜை நுழைத்துப் பார்த்து அடுத்த பீஸுக்குப் போய்விடுவோம். நம்ம புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடையில் காயைத் தரம் பிரிப்பவர் தராசு, ஸ்கேல் எதையும் தேடமாட்டார். நிறம், பருமன், தோல் எல்லாம் ஒரு கை அள்ளலில் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த வேகம் பிரசவ அறைக்கு வேண்டும். அதே சமயம் ஆளுக்கு ஆள் மாறாத கணக்காகவும் இருக்க வேண்டும். அதனால்தான் சைபர், ஒன்று, ரெண்டு என்று மூன்றே படி. ஒரு ஸ்டெதாஸ்கோப்பும் கடிகாரமும் போதும், வேறு கருவி வேண்டாம். நியூயார்க் ஆஸ்பத்திரியிலும் செய்யலாம், மலைக்கிராமத்துத் துணை சுகாதார நிலையத்திலும் செய்யலாம். எந்த நேரத்தில் பார்ப்பது என்பதையும் அவர் சும்மா முடிவு செய்யவில்லை. பல நேரங்களில் பார்த்துச் சோதித்த பிறகே, பிறந்து அறுபதாவது விநாடி என்று நிறுத்தினார்.

இன்னொரு நிபந்தனையும் வைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிரசவம் பார்த்தவரே மார்க் போடக் கூடாது, வேறொருவர் போட வேண்டும் என்றார். ஏன்? தன் கையால் பிறந்த பிள்ளைக்குக் குறைத்துப் போட யாருக்கு மனசு வரும்? நம்ம ப்ராக்டிகலுக்கு எக்ஸ்டர்னல் வருவது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

1952-ல் மயக்க மருந்து ஆராய்ச்சியாளர்கள் கூட்டத்தில் இந்த முறையைப் படித்தார். 1953-ல் கட்டுரையாக அச்சானது. பரவியது எப்படி என்பதுதான் வேடிக்கை. மார்க் எழுத வேண்டும் என்றால் யாராவது ஒருவர் முதல் நிமிஷத்தில் பிள்ளையை உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்தால் சும்மா இருக்க முடியாது. மூன்று என்று எழுதிவிட்டு ஓரமாக வைத்துவிட்டுப் போக யாருக்கு மனம் வரும்? அடுத்து ஐந்தாவது நிமிஷத்திலும் மார்க் போடும் வழக்கம் சேர்ந்தது. முதலில் மூன்று, இப்போது எட்டு என்று ஏறியிருந்தால் கை கொடுத்தவர்களுக்கு அதைவிடச் சந்தோஷம் உண்டா? ஏறவில்லை என்றால் ஏன் என்று கேள்வி வரும். ரெக்கார்டில் ஏறிய ரீடிங்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா!

கணக்கு சேரச் சேர ஆராய்ச்சி சூடு பிடித்தது. டங்கன் ஹோலடே, ஸ்டான்லி ஜேம்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் அம்மையாரோடு சேர்ந்தார்கள். பிறந்த பிள்ளையின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு, அமிலத் தன்மை எவ்வளவு என்று அளக்கும் வழிகளைக் கொண்டுவந்தார்கள். பிறக்கும் நேரத்தில் ஆக்ஸிஜன் குறைவது எல்லாப் பிள்ளைக்கும் சகஜம், அதனால் ஒன்றும் ஆகாது என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். மார்க் குறைந்த பிள்ளைகளின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து அமிலம் ஏறியிருப்பதை ரீடிங் காட்டியது. கண்ணால் போட்ட மார்க்கும் கருவி காட்டிய அளவும் ஒத்துப்போயின. 1958-ல் வந்த இரண்டாவது அறிக்கையில் 15,348 பிள்ளைகளின் கணக்கு இருந்தது.

இங்கேதான் ஒரு சோதனை. சைக்ளோபுரோப்பேன் என்று ஒரு மயக்க வாயு. அந்தக் காலத்தில் பேர் போனது. தாய் சீக்கிரம் மயங்குவாள், சீக்கிரம் எழுவாள். வர்ஜீனியாவுக்கு அதன் மேல் தனிப் பிரியம். பல வருஷம் அதைக் கொடுத்துக் கை பழகியவர், மாணவர்களுக்கும் அதையே கற்றுக் கொடுத்தவர். ஆனால் மார்க் பட்டியலையும் ரத்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அந்த வாயு கொடுத்த தாய்மார்களுக்குப் பிறந்த பிள்ளைகள் சோர்ந்து பிறப்பது தெரிந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்த தாய்மார்களின் பிள்ளைகள் அதைவிடத் தெம்பாக இருந்தன. இப்போது என்ன செய்வது? கணக்கில் ஏதோ கோளாறு என்று சொல்லித் தப்பிக்கலாம். சாம்பிள் போதாது, இன்னும் ரெண்டு வருஷம் பார்ப்போம் என்று இழுக்கலாம். பெரிய பெரிய ஆட்கள் அப்படிச் செய்ததுண்டு. அம்மையார், தனக்குப் பிடித்த வாயு போயிற்று என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, பிரசவத்துக்கு அதைக் கொடுப்பதை நிறுத்தினார். தான் செய்த அளவுகோல் தன் கையையே சுட்டபோதும் அளவுகோலைத் தூக்கி எறியவில்லை.

பிறகு அமெரிக்காவில் 12 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 17,221 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்தாவது நிமிஷ மார்க் மிகக் குறைவாக இருந்த கூட்டத்தில் சாவும், பிற்பாடு மூளை நரம்புக் கோளாறும் அதிகம் என்று தெரிந்தது. இதை வைத்து அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. குறைந்த மார்க் வாங்கிய பிள்ளைகளிலும் பெரும்பாலானவை நன்றாகவே வளர்ந்தன. மூளை வாதம் வந்த பிள்ளைகளில் பலர் பிறக்கும்போது நல்ல மார்க் வாங்கியவர்களே. இந்த மார்க்கை மட்டும் வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது என்று 2015-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் மகப்பேறு மருத்துவர் சங்கமும் சேர்ந்து அறிவித்தன. அது அந்த நிமிஷத்து நிலைமை, ஜாதகம் இல்லை. மூச்சு வராத பிள்ளைக்கு ஒரு நிமிஷம் ஆகட்டும், மார்க் போட்டுவிட்டு ஆரம்பிப்போம் என்று யாரும் காத்திருப்பதும் இல்லை. உடனே துடைத்து, வார்மரில் வைத்து, தேவைப்பட்டால் ஆம்பு பேக்கால் காற்று கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். மார்க் பக்கத்தில் தன்பாட்டுக்கு ஓடும்.

நிறத்துக்குக் கொடுத்த மார்க் பற்றி வர்ஜீனியாவுக்கே திருப்தி இல்லை, ஐந்தில் அதுதான் ரொம்பச் சுமார் என்று முதல் கட்டுரையிலேயே எழுதிவிட்டார். வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்து எழுதிய சிவப்பும் நீலமும் நம்ம கறுத்த பிள்ளைகளுக்கு எப்படிப் பொருந்தும்? உதடு, நாக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்து அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்திருக்கிறது. கறுத்த தோலில் அந்தக் கருவியும் சில சமயம் கூட்டிக் காட்டிவிடுகிறது என்று சமீப வருஷங்களில் பேச்சு எழுந்திருக்கிறது. இன்ஸ்ட்ருமென்டேஷன் நண்பர்களுக்கு வேலை காத்திருக்கிறது.

நம்ம நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. மூச்சுத் திணறும் பிள்ளைக்கு நூறு சதவீத ஆக்ஸிஜன்தான் கொடுக்க வேண்டும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. 1993-ல் டெல்லியில் 84 பிள்ளைகளை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வு, சாதாரணக் காற்றே அதே அளவுக்குப் பயன்படுகிறது என்று காட்டியது. அதைத் தொடர்ந்து பல நாட்டில் 609 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 1998-ல் வந்தது. அளவுக்கு மீறிய ஆக்ஸிஜனே கெடுதல் என்பது பின்னர் உறுதிப்பட்டு, 2010-ல் உலக வழிகாட்டு நெறியே மாறியது. இப்போது மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைக்குச் சாதாரணக் காற்றில்தான் தொடங்குகிறார்கள். இந்த ஆய்வுகளிலும் பிள்ளையின் நிலையை ஒப்பிட உதவிய அளவுகளில் ஒன்று அப்கார் மார்க். 2009-ல் மத்திய அரசு, பிரசவம் பார்க்கும் நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் முதல் மூச்சுக்கு உதவும் பயிற்சியை நாடு முழுவதும் தொடங்கியது. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, பிறந்த 28 நாளுக்குள் இறக்கும் பிள்ளைகள் ஆயிரத்துக்கு இந்தியாவில் 20, தமிழ்நாட்டில் 9. ஒன்பது என்பது சின்ன எண்தான், அந்த ஒன்பது வீட்டுக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்கு.

சரி, பலகைத் திருட்டுக்கு வருவோம். 1956-ல் கார்லீன் ஹட்சின்ஸ் என்ற பெண்மணி ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர், வயலின் குடும்பத்து வாத்தியங்களைத் தன் கையாலேயே செய்பவர். மயக்க டாக்டராகப் பார்க்கப் போன வர்ஜீனியா வாத்தியப் பேச்சில் சொக்கிப்போய் அவரிடமே சிஷ்யையாகச் சேர்ந்துவிட்டார். பகலெல்லாம் பிரசவ அறை, ராத்திரியில் உளியும் இழைப்புளியும். தூங்கும் அறையே மரப்பட்டறை ஆகிவிட்டது.

1957-ல் ஆஸ்பத்திரி வரவேற்புக் கூடத்து டெலிபோன் பூத்தில் இருந்த ஒரு அலமாரிப் பலகை ஹட்சின்ஸ் கண்ணில் பட்டது. அருமையான மேப்பிள் மரம், ரேகை அலை அலையாக ஓடுகிறது. வியோலா என்ற வாத்தியத்தின் பின்பலகைக்கு அளவெடுத்தது போல இருந்தது. முறைப்படி கேட்டுப் பார்த்தார்கள், நிர்வாகம் தர முடியாது என்றுவிட்டது. விடுவார்களா? அதே அளவில் வேறு பலகை ஒன்றுக்கு அதே நிறம் ஏற்றி எடுத்துக்கொண்டு ராத்திரி போனார்கள். பழையதைக் கழற்றியாயிற்று. புதியது கால் அங்குலம் நீளம்! டாலரன்ஸ் என்று நம்ம வாத்தியார்கள் தலையில் அடித்துக்கொள்வது இதற்குத்தான். ஹட்சின்ஸ் பெண்கள் கழிவறைக்குள் போய் ரம்பம் போட, யூனிஃபார்மோடு அம்மையார் வாசலில் காவல். ரம்பச் சத்தம் கேட்டு நின்ற ஒரு நர்சிடம், ரிப்பேர் ஆட்களுக்கு இந்த நேரத்தில்தான் அனுமதி என்று முகம் மாறாமல் சொல்லிச் சமாளித்தார். முதல் பெண் பேராசிரியர் செய்கிற காரியமா இது!

ஆள் எப்போதுமே அப்படித்தான். பேச்சு வேகம், நடை வேகம், கார் ஓட்டுவது அதைவிட வேகம். கைப்பையில் பேனாக்கத்தியும், மூச்சுக் குழாயில் செருகும் ட்யூபும் எப்போதும் இருக்கும். ரோட்டில் யாராவது மூச்சில்லாமல் விழுந்தாலும் விடமாட்டார். அம்மையார் நேரில் நின்று பார்த்த பிரசவங்கள் 17,000-க்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள்.

ஐம்பது வயசில் மறுபடியும் மாணவி ஆனார். 1959-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துப் பட்டம் வாங்கினார். புள்ளியியல் சரியாகத் தெரிய வேண்டும் என்பது அவர் நினைப்பு. அதோடு பிரசவ அறையை விட்டு, மார்ச் ஆஃப் டைம்ஸ் என்ற அறநிறுவனத்தில் சேர்ந்தார். அது ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1938-ல் போலியோவுக்கு எதிராகத் தொடங்கியது. 1955-ல் தடுப்பூசி வந்து போலியோ அடங்கியதும், பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் பணிக்கு மாறியிருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசினார், நிதி திரட்டினார். 1964, 65-ல் அமெரிக்காவில் ரூபெல்லா அம்மை பரவி, கர்ப்பிணிகளைத் தாக்கி, சுமார் 20,000 பிள்ளைகள் காது, கண், இதயம், மூளைக் குறைகளோடு பிறந்தார்கள். 1969-ல் தடுப்பூசி வந்ததும் அதை எல்லோருக்கும் போட வேண்டும் என்று பாடுபட்டார். நம்ம தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போட்டார்களே, அழுது ஓடினவர்கள் நம்மிலும் உண்டு, அது இதே ரூபெல்லாதான்.

1960-களின் தொடக்கத்தில் டென்வர் நகரத்தில் ஒரு குழந்தை மருத்துவர், மாணவர்கள் மனப்பாடம் செய்ய வசதியாக அப்கார் என்ற பெயரின் ஐந்து எழுத்துக்கே ஐந்து அர்த்தம் கண்டுபிடித்தார். ஏ என்றால் அப்பியரன்ஸ், பி பல்ஸ், ஜி கிரிமேஸ், அடுத்த ஏ ஆக்டிவிட்டி, ஆர் ரெஸ்பிரேஷன். இது எவ்வளவு நன்றாக ஒட்டிக்கொண்டது என்றால், அப்படி ஒரு மனுஷி இருந்தாரா என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. அம்மையாருக்கு அதில் கோபம் இல்லை, ரசித்துச் சிரித்தார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தபால் தலை சேர்த்தார், தோட்டம் போட்டார், மீன் பிடித்தார். ஐம்பது வயசு தாண்டி விமானம் ஓட்டக் கற்றார். நியூயார்க் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு அடியில் ஒரு தடவை விமானத்தை விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அது மட்டும் நடக்கவில்லை. கல்லீரல் நோய் முற்றி, 1974 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, தான் படித்துப் பயிற்சி பெற்று வேலை பார்த்த அதே கொலம்பியா பிரஸ்பிட்டேரியன் ஆஸ்பத்திரியில் காலமானார். வயசு 65. சொந்த ஊர் வெஸ்ட்ஃபீல்டில் அடக்கம் செய்தார்கள்.

இருபது வருஷம் கழித்து, 1994 அக்டோபர் 24-ஆம் தேதி, தபால் தலை சேர்த்த அம்மையாரின் முகம் போட்டு அமெரிக்கத் தபால் துறை 20 சென்ட் தபால் தலை வெளியிட்டது. டல்லஸ் நகரில், குழந்தை மருத்துவர்கள் கூட்டத்தில் விழா. அம்மையார் தன் கையால் செய்த நான்கு வாத்தியங்களை நான்கு டாக்டர்கள் எடுத்து மேடையில் உட்கார்ந்து வாசித்தார்கள். அதில் வியோலாவின் பின்பலகை, டெலிபோன் பூத்திலிருந்து வந்தது.